மேட்டூர் முதல் பூம்புகார் வரை: காவிரிக் கரையில் கிராவல் சைக்கிள், கூடாரம், எட்டு நாள் – முழுமையான வழிகாட்டி

கிராவல் சைக்கிள் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி டயரைப் பற்றியது. இரண்டாவது, பை. மூன்றாவது, கூடாரம். "ராத்திரி எங்கப்பா படுப்பீங்க?" என்று கேட்பது அவர்களுடைய அம்மா மட்டும்தான். நெடும்பயணத்துக்கான சரியான முதல் கேள்வி அதுதான். இந்த வழிகாட்டியும் அந்த அம்மாவின் பக்கம்தான் நிற்கிறது.

புதியவர்களுக்கு ஒரு வரி: ரோட் சைக்கிளின் வளைந்த ஹேண்டில்பார், மண்ணிலும் ஜல்லியிலும் ஓடக்கூடிய தடித்த டயர், பைகளை மாட்ட வசதியான சட்டகம், இவை சேர்ந்ததுதான் கிராவல் சைக்கிள். தார் ரோட்டிலும் ஓடும், வாய்க்கால் கரையிலும் ஓடும். நெடுஞ்சாலையில் லாரியோடு போட்டி போட விரும்பாதவர்களுக்கு ஏற்ற வண்டி.

## 1. வழியைத் தேர்ந்தெடுங்கள்: ஏன் காவிரி?

முதல் நெடும்பயணத்துக்கு லடாக்கைக் கனவு காண்பவர்கள் உண்டு. காணட்டும். முதல் தடவைக்கு வேண்டியது மூன்று: ஏற்றம் குறைவாக இருக்க வேண்டும், பத்து கிலோமீட்டருக்குள் ஒரு டீக்கடை இருக்க வேண்டும், முடியவில்லை என்றால் பஸ்ஸோ ரயிலோ பிடிக்க ஓர் ஊர் அருகில் இருக்க வேண்டும். மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும் இடம் காவிரிக் கரை.

மேட்டூரிலிருந்து பூம்புகார் வரை சாலை வழியாகச் சுமார் 350 கிலோமீட்டர். கரையின் வளைவுகளோடு போனால் 400ஐத் தொடும். மேட்டூருக்கும் கடலுக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 200 மீட்டர்தான். வழி முழுக்க ஆறு உங்களை இறக்கத்தில்தான் கூட்டிப்போகிறது. கால் அதை உணராது என்பது வேறு விஷயம்.

முக்கியமான காரணம், கரை. பாசனத்துக்காகப் போட்ட கரைகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு இருக்கின்றன. டிராக்டர், மாட்டுவண்டி, டி.வி.எஸ். ஃபிஃப்டி, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சைக்கிள் என்று உள்ளூர்ப் போக்குவரத்து மட்டுமே அவற்றில் நடக்கிறது. சில இடத்தில் தார், சில இடத்தில் செம்மண், சில இடத்தில் வெறும் மாட்டுத் தடம்.

## 2. மாதத்தை முடிவு செய்யுங்கள்: காற்றும் தண்ணீரும்

என் வாக்கு பொங்கல் முடிந்த மறுநாளிலிருந்து பிப்ரவரி இறுதி வரையிலான ஆறு வாரங்களுக்கு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், கரை காய்ந்திருக்கும், வெயில் பொறுக்கும்படி இருக்கும்.

இதில் ஒரு பாதகம் உண்டு. தை மாதக் காற்று வடகிழக்கிலிருந்து வரும். நீங்கள் கிழக்கே போகிறீர்கள். டெல்டாவுக்குள் நுழைந்த பிறகு பிற்பகலில் எதிர்காற்று முகத்தில் அடிக்கும். ஆடியில் இதற்கு நேர்மாறு. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேல்காற்று ஈரோட்டிலிருந்து கரூர் வரை முதுகில் கை வைத்துத் தள்ளும். ஆனால் ஆடியில் திருச்சி வெயிலை வென்றவர் யாருமில்லை. ஆடிப்பெருக்குக் கூட்டத்தில் படித்துறைப் பக்கம் சைக்கிளை உருட்டக்கூட முடியாது. எதிர்காற்றா, வெயிலா என்றால் நான் எதிர்காற்றைத்தான் எடுப்பேன். அதைச் சமாளிக்க வழி இருக்கிறது: விடிந்ததும் கிளம்பி, பதினொரு மணிக்குள் பாதித் தூரத்தை முடித்துவிடுவது.

மழைக்காலத்தில் போகவே வேண்டாம். டெல்டாவின் களிமண் ஈரமானால் டயருக்கும் சட்டகத்துக்கும் நடுவில் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றாது. நூறு அடிக்கு ஒருமுறை குச்சியால் தோண்டி எடுக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது ஆற்றுத் தண்ணீர். மேட்டூர் அணை பாசனத்துக்கு ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது மரபு. நீர் இருப்பைப் பொறுத்து வருடத்துக்கு வருடம் தேதி மாறும். மூடிய பிறகும் குடிநீருக்கும் மற்றத் தேவைகளுக்கும் தண்ணீர் விடுவார்கள், அளவும் மாறும். வறண்டு கிடக்கிறதே என்று ஆற்று மணலை நம்பக்கூடாது. ஏன் என்று ஏழாவது பகுதியில் சொல்கிறேன்.

## 3. ராத்திரியிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்

எல்லோரும் செய்யும் தவறு: மொத்தத் தூரத்தை நாள் எண்ணிக்கையால் வகுப்பது. 400 கிலோமீட்டர், ஐந்து நாள், ஒரு நாளைக்கு 80. காகிதத்தில் அழகாக இருக்கும். மூன்றாம் நாள் மாலை ஆறரைக்கு, இருட்டில், ஊர் பேர் தெரியாத ஒரு மதகின் மேல் உட்கார்ந்துகொண்டு, செல்போனில் நான்கு சதவீதம் சார்ஜோடு லாட்ஜ் தேடிக்கொண்டிருப்பீர்கள். நான் உட்கார்ந்திருக்கிறேன்.

இதைத் திருப்பிப் போடுங்கள். முதலில் வரைபடத்தில் தங்கக்கூடிய இடங்களை மட்டும் குறியுங்கள். பிறகு அவற்றை இணைக்கும் பாதையைத் தேடுங்கள். தூரம் தானாக வந்து சேரும். அதுதான் உண்மையான தூரம்.

ஜனவரியில் ஆறு மணி தாண்டியதும் சூரியன் மறைந்துவிடும். இடம் கேட்டு, அனுமதி வாங்கி, கூடாரம் போட்டு, குளித்து முடிக்க ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். ஆக, நாலரைக்குள் ஊரில் இருக்க வேண்டும். காலை ஏழுக்குக் கிளம்பினால் கையில் ஒன்பதரை மணி நேரம். அதில் இட்லி, டீ, கோயில், பஞ்சர், பேச்சு, மதிய வெயிலில் மரத்தடித் தூக்கம் எல்லாம் கழித்தால் மிதிக்கும் நேரம் ஐந்து மணி. சுமையோடு மண் கரையில் மணிக்கு 11 முதல் 13 கிலோமீட்டர் போவீர்கள். ஒரு நாளைக்கு 55. முதல் நாளுக்கு 40 போதும்.

என் கணக்கில் எட்டு நாள் இப்படி விழும்: மேட்டூரிலிருந்து பவானி, பவானியிலிருந்து காலிங்கராயன் வாய்க்கால் பக்கமாகக் கொடுமுடி, கொடுமுடியிலிருந்து நொய்யல், வாங்கல், நெரூர் வழியாக மாயனூர், மாயனூரிலிருந்து முசிறி, முக்கொம்பு, ஐந்தாம் நாள் ஸ்ரீரங்கத்தில் ஓய்வு, துணி துவைத்தல், சைக்கிள் பராமரிப்பு, ஆறாம் நாள் கல்லணை, திருக்காட்டுப்பள்ளி, திருவையாறு, ஏழாம் நாள் சுவாமிமலை, கும்பகோணம், குத்தாலம், எட்டாம் நாள் மயிலாடுதுறை, பூம்புகார். ஏழாம் நாள் நீளம். முடியாவிட்டால் கும்பகோணத்திலேயே நின்றுவிட்டு ஒன்பது நாளாக்குங்கள். யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை.

ஓய்வு நாளை மட்டும் தியாகம் செய்யாதீர்கள். உட்காரும் இடத்துப் புண்ணும் உள்ளங்கை மரத்துப்போவதும் நாலாம் நாள்தான் தலைகாட்டும்.

ஜனவரி வாக்கில் திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை வரும் நாட்களைக் காலண்டரில் பார்த்துவிடுங்கள். அந்த நாட்களில் ஊரில் அறை கிடைப்பது கஷ்டம். கச்சேரி கேட்க ஆசை இருந்தால் முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். இல்லையென்றால் ஒருநாள் முன்போ பின்போ போங்கள்.

## 4. அமைதியான பாதையைக் கண்டுபிடிப்பது

கூகுள் மேப்பில் சைக்கிள் என்று போட்டால் பெரும்பாலும் கார் போகும் வழியைத்தான் காட்டும். ஓபன் ஸ்ட்ரீட் மேப்பை அடிப்படையாகக் கொண்ட செயலிகளில் மண்தடம், நடைபாதை தனியாக இருக்கும். அதில் ஒரு கோடு போட்டுவிட்டு, செயற்கைக்கோள் படத்தில் அதே கோட்டின் மேல் விரலை நகர்த்திக்கொண்டே போங்கள். வெள்ளையாக, இரண்டு சக்கரத் தடம் தெரிந்தால் டிராக்டர் போகிறது, நீங்களும் போகலாம். பச்சையாக மூடிக்கிடந்தால் சீமைக்கருவேலம். ஒரே நாளில் டயரை முழுசாக அதற்குத் தாரை வார்த்துவிடுவீர்கள்.

படத்தில் தெரியாத ஒன்று, வாய்க்கால் குறுக்கே போகும் இடத்தில் பாலம் இருக்கிறதா என்பது. கரைமேல் ஆறு கிலோமீட்டர் போன பிறகு, எதிரே இருபது அடி அகல வாய்க்கால், அதன்மேல் ஒரு தென்னை மரத்துண்டு. சுமையோடு அதைக் கடப்பது சர்க்கஸ். ஒவ்வொரு கரைப்பகுதிக்கும் பக்கத்துத் தார் ரோட்டுக்கு ஏறும் வழி ஒன்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வழியில் எனக்குப் பிடித்த துண்டுகள் இரண்டு.

ஒன்று, மேட்டூருக்குக் கீழே உள்ள கதவணைப் பகுதி. மின் உற்பத்திக்காகக் கட்டிய கதவணைகளில் ஆறு ஏரிபோல நிற்கிறது. நெரிஞ்சிப்பேட்டையிலிருந்து பூலாம்பட்டிக்குப் படகு ஓடுகிறது. மோட்டார் பைக்கையே ஏற்றுவார்கள், சைக்கிளுக்கென்ன. இக்கரை ஈரோடு மாவட்டம், அக்கரை சேலம் மாவட்டம். சாலையிலேயே போனால் இந்தப் பத்து நிமிடம் கிடைக்காது.

இரண்டு, காலிங்கராயன் வாய்க்கால். 13ஆம் நூற்றாண்டில் வெட்டியது. பவானியில் கிளம்பிக் கொடுமுடிப் பக்கம் வரை, நேராகப் போவதே பாவம் என்பதுபோல வளைந்து வளைந்து 90 கிலோமீட்டர் போகிறது. நிலத்தின் மட்டத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் போக வேண்டும் என்பதற்காக வந்த வளைவுகள் அவை. அதனால்தான் சைக்கிளுக்கும் ஏற்றம் இறக்கம் இல்லை. முழுதும் வாய்க்காலோடே போனால் இரண்டு நாள் ஆகும். ஈரோட்டைச் சாலையில் தாண்டிவிட்டு, கீழ்ப்பாதியில் கரைக்கு இறங்குங்கள். நகரத்தை ஒட்டிய பகுதியில் சாக்கடையும் சாய நாற்றமும்தான் மிச்சம். கீழே போனால் மஞ்சள் காடும் கரும்பும்.

மாயனூருக்குக் கிழக்கே தென்கரையில் கரூர்–திருச்சி நெடுஞ்சாலை ஆற்றை ஒட்டியே ஓடுகிறது, லாரியும் பஸ்ஸும் அதிகம். கதவணைப் பாலத்தில் வடகரைக்கு மாறி, தொட்டியம், முசிறி வாழைத்தோப்புகளுக்குள் புகுந்துவிடுங்கள்.

கரைமேல் பூட்டிய கேட்டோ சங்கிலியோ இருந்தால் அது உங்களுக்கல்ல, மணல் வண்டிக்கு. இருந்தாலும் தூக்கிப் போட்டுவிட்டுப் போகாமல் அருகில் உள்ள லஸ்கரிடம் கேளுங்கள். மதகையும் ஷட்டரையும் பார்த்துக்கொள்ளும் பாசன ஊழியரை இன்றும் ஊரில் அப்படித்தான் சொல்கிறார்கள். கரையில் எங்கே உடைப்பு, எங்கே வேலை நடக்கிறது என்று எந்தச் செயலிக்கும் தெரியாததெல்லாம் அவருக்குத் தெரியும்.

## 5. சைக்கிள்

கிராவல் சைக்கிள்தான் வேண்டும் என்றில்லை. தடித்த டயர் போட இடமுள்ள ஹைபிரிட், முன்பக்கம் ஸ்பிரிங் இல்லாத பழைய எம்டிபி, எதிலும் இந்த வழியை முடிக்கலாம். கடைக்காரர் கார்பன், அலுமினியம் என்று பேச ஆரம்பித்தால் டீ குடிக்கப் போய்விடுங்கள். பார்க்க வேண்டியவை இவைதான்.

டயர் 40 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது, 45 இருந்தால் சுகம். ஆளும் சுமையும் சேர்ந்து 90 கிலோ என்றால், 40 மில்லிமீட்டர் டயரில் பின்னால் 40 பிஎஸ்ஐ, முன்னால் 35 அளவில் தொடங்கிப் பாருங்கள். கல்லில் ரிம் இடிபட்டால் கொஞ்சம் ஏற்றுங்கள், கை அதிர்ந்தால் கொஞ்சம் இறக்குங்கள். கியரில், முன்பல்லைவிடப் பின்பல் பெரிதாக இருக்கும் ஒரு கியராவது இருக்கட்டும். ஏற்றமில்லாத வழியில் எதற்கு என்று தோன்றும், ஆற்றுப் படுகையிலிருந்து கரைமேல் ஏறும் சரிவில் புரியும்.

டியூப்லெஸ் நல்லது. நெருஞ்சியும் கருவேல முள்ளும் நிறைந்த ஊரில், உள்ளே இருக்கும் சீலன்ட் பத்துக் குத்தை நீங்கள் அறியாமலே அடைத்துவிடும். நம் வெயிலில் அது சீக்கிரம் காய்ந்துபோகும் என்பதால் கிளம்பும் முன் வாரத்தில் புதிதாக ஊற்றுங்கள். அப்படியும் டியூப் இரண்டு பையில் இருக்க வேண்டும்.

ஏன் என்றால், வழியில் கிடைக்காது. கிராமத்துச் சைக்கிள் கடையில் தொங்கும் 28 இன்ச் டயர் உங்கள் ரிம்முக்குப் பொருந்தாது. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும். அந்த ரிம்மின் விட்டம் 635 மில்லிமீட்டர், உங்களுடைய 700சி ரிம் 622. பதின்மூன்று மில்லிமீட்டரில் பயணமே நின்றுவிடும். வால்வும் வேறு. அவர்களிடம் இருப்பது வால்ட்யூப் போட்ட பழைய வால்வுக்கான பம்ப். உங்களுடையது ஒல்லியான பிரெஸ்டா. சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பித்தளை அடாப்டர் விற்கிறார்கள், விலை ஒரு சாப்பாட்டுக் காசுகூட இருக்காது. அதை வால்விலேயே திருகி வைத்துவிட்டால், லாரிக்குக் காற்றடிக்கும் எந்தப் பஞ்சர் கடையிலும் காற்றடித்துக்கொள்ளலாம். கம்ப்ரஸரில் அடிக்கும்போது பார்த்து நில்லுங்கள், "போதும்ண்ணே" என்று நீங்கள் சொல்லும்வரை அவர் நிறுத்த மாட்டார்.

இவற்றோடு கைப்பம்ப், பேட்ச், செயின் இணைப்பு ஒன்று, மல்டிடூல், பிரேக் பேட் ஒரு ஜோடி, பின் கியரைத் தாங்கும் அலுமினியக் கொக்கி ஒன்று. இந்தக் கொக்கி சைக்கிளுக்குச் சைக்கிள் வேறு. சைக்கிள் விழுந்தால் முதலில் வளைவது அதுதான். பழைய டயரிலிருந்து உள்ளங்கை நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி வையுங்கள், டயர் கிழிந்தால் உள்ளே வைத்து ஊரைப் பிடிக்கலாம்.

## 6. சுமை

தண்ணீர், சாப்பாடு நீங்கலாக 10 கிலோ. அதற்குமேல் போனால் எதையோ பயந்து எடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

கனமானது சட்டகத்தின் நடுவில், கீழே இருக்க வேண்டும்: கருவிகள், பவர் பேங்க், டியூப். கூடாரமும் படுக்கையும் சுருட்டி ஹேண்டில்பாரில். துணிமணி சீட்டுக்குப் பின்னால். பின் கேரியரும் இரண்டு பக்கப் பையும் போட்டுப் போவதும் நல்ல வழிதான். கொஞ்சம் கனம், ஆனால் காலையில் கட்டுவதற்கு ஐந்து நிமிடம் போதும். நான் கேரியர் கட்சி. சீட்டில் தொங்கும் பெரிய பை மண்ரோட்டில் வாலாட்டுவதைச் சகிக்க முடியவில்லை. கேரியரின் போல்ட்டுகளைத் தினமும் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள்.

தூங்குவதற்கு ஸ்லீப்பிங் பேக் வேண்டாம். ஜனவரி ராத்திரியில்கூட சமவெளியில் 20 டிகிரி அளவில்தான் இருக்கும். ஒரு போர்வை, ஒரு லுங்கி, காற்றடிக்கும் மெத்தை ஒன்று. பவானியில் ஜமக்காளத்தைப் பார்த்ததும் வாங்கத் தோன்றும். அது முதல் நாள். மிச்சம் ஏழு நாள் அதைச் சுமக்க வேண்டும். விலாசம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

அடுப்பும் வேண்டாம். இது சில நண்பர்களுக்குக் கோபம் வரவழைக்கும் என்று தெரியும். காலை ஆறுக்கே இட்லி வெந்துகொண்டிருக்கும் நாட்டில் நூடுல்ஸ் கிண்டுவதற்கு ஒரு கிலோ உலோகம் எதற்கு? தவிர, கேஸ் குப்பியை ரயிலில் கொண்டுபோக அனுமதி இல்லை.

## 7. ராத்திரி

நம் ஊரில் காசு கட்டித் தங்கும் கூடார மைதானங்கள் இந்த வழியில் கிடையாது. இருப்பது பழைய ஏற்பாடு: கேட்டுத் தங்குவது.

கேட்கும் முறை முக்கியம். கூடாரத்தைப் போட்டுவிட்டுக் கேட்காதீர்கள். டீக்கடையில் சைக்கிளைச் சாத்தி, டீ சொல்லி, பாதி குடித்த பிறகு பேச்சு அவர்களிடமிருந்தே வரும்.

"எந்த ஊரு தம்பி? சைக்கிள்லயா வந்தீங்க?"

"மேட்டூர்லேர்ந்துங்கண்ணே. பூம்புகார் போறோம். ராத்திரி மட்டும் படுக்க ஒரு இடம் வேணும். கூடாரம் இருக்கு. காலைல ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிடுவோம்."

"கூடாரம் எதுக்கு, நம்ம களத்துல படுத்துக்கங்க. மோட்டர் ஓடும், குளிச்சிக்கலாம்."

பத்துக்கு எட்டு முறை இப்படித்தான் முடியும். அந்தப் பேச்சில் மூன்று விஷயம் இருந்ததைக் கவனியுங்கள்: எங்கிருந்து எங்கே போகிறோம், ஒரே ராத்திரி, காலையில் இருக்க மாட்டோம். மூன்றாவதுதான் அவர்களுக்கு நிம்மதி. ஊராட்சித் தலைவர் அல்லது வி.ஏ.ஓ.வுக்கு ஒரு வார்த்தை போய்விட்டால் நல்லது. பெண்கள் மட்டும் போகும் பயணத்தில், வீட்டு முற்றம் அல்லது கோயில் ஊர் லாட்ஜ் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பூம்புகார் சேர்வதற்குள் பல கோயில் ஊர்கள் இருக்கின்றன, லாட்ஜுக்குப் பஞ்சமில்லை.

நல்ல இடங்கள்: பம்ப்செட் பக்கம், கோயில் மண்டபம் (பூசாரியிடம் கேட்டு), கல்யாண மண்டபத்து வராந்தா, வீட்டு மொட்டைமாடி. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் சிமென்ட் களத்தைப் பார்த்ததும் ஆசை வரும். ஆனால் தை, மாசியில் சம்பா அறுவடை. களம் முழுக்க நெல், ராத்திரி முழுக்க லாரி.

கூடாத இடங்களில் முதல் இடம் தென்னந்தோப்பு. நிழலாக, சுத்தமாக, படத்தில் பார்த்ததுபோல இருக்கும். தேங்காயும் மட்டையும் நேரம் பார்த்து விழுவதில்லை. அடுத்தது வைக்கோல் போர், வரப்பு ஓரம், கல் குவியல். எலி இருக்கும் இடத்தில் பாம்பு இருக்கும். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் தங்குவது சட்டப்படி குற்றம்.

கடைசியாக ஆற்று மணல். முதல் பயணத்தில் கொடுமுடிக்குக் கீழே, சட்டை துவைக்கும் அளவுக்குத்தான் ஒரு ஓரமாகத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. நிலா வேறு. மணல்மேட்டில் கூடாரம் போட்டோம். எட்டு மணிக்கு ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவர் டார்ச் அடித்தார்.

"ஏனுங் தம்பி, ஆத்துக்குள்ள படுத்திருக்கறீங்க? மேல தண்ணி உட்டா உங்களுக்கு யாரு வந்து சொல்லுவாங்க?"

முணுமுணுத்துக்கொண்டே கூடாரத்தை அப்படியே தூக்கிக் கரைமேல் வைத்தோம். காலையில் எழுந்து பார்த்தபோது மணல்மேடு இல்லை. அது இருந்த இடத்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. சத்தம் வந்திருந்தாலாவது எழுந்திருப்போம்.

கூடாரம், முளை அடிக்காமல் தானாக நிற்கும் வகையாக இருக்கட்டும். சிமென்ட் தரையில் முளை இறங்காது. உள்கூடு முழுக்கக் கொசுவலையாக இருந்தால் மண்டபத்தில் அதை மட்டும் போட்டுப் படுக்கலாம். வெளியில் படுத்தால் மேல் துணியையும் போடுங்கள். தைப்பனியில் விடியும்போது ஆற்றோரம் எல்லாம் நனைந்திருக்கும். பத்து மணி டீக்கு நிற்கும்போது கூடாரத்தை ஒரு வேலியில் விரித்தால் போதும், பதினைந்து நிமிடத்தில் காய்ந்துவிடும்.

## 8. தண்ணீர், சாப்பாடு

ஆளுக்கு மூன்று லிட்டர். டீக்கடையில் கேன் தண்ணீர் இருக்கும், கேட்டால் நிரப்பிக்கொள்ள விடுவார்கள். ஆற்றுத் தண்ணீர் குளிக்க மட்டும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் பத்து வையுங்கள். பதினொரு மணிக்கு மோர் கிடைத்தால் அதுவே போதும். கரைமேல் ஏறும் முன் கடலைமிட்டாயும் வாழைப்பழமும் பையில் இருக்க வேண்டும்.

## 9. ஒத்திகை

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு, முழுச் சுமையோடு, வீட்டிலிருந்து 40 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு நண்பரின் தோட்டத்துக்குப் போய் ஒரு ராத்திரி தங்கி வாருங்கள். இதைத் தவிர்ப்பவர்கள்தான் மேட்டூரிலிருந்து முப்பதாவது கிலோமீட்டரில் சீட் உயரத்தைச் சரிசெய்துகொண்டிருப்பார்கள். திரும்பி வந்ததும் பையைக் கொட்டி, தொடாத பொருளையெல்லாம் தனியாக எடுத்து வையுங்கள். மருந்தும் பஞ்சர் சாமானும் தவிர மற்றது வீட்டிலேயே இருக்கட்டும். பின் டயரைக் கழற்றி மாட்டுவதையும் அன்றே செய்து பாருங்கள், இருட்டில் ஒரு முறை.

## 10. வழியில்

நாய் துரத்தினால் மிதித்துத் தப்பிக்கப் பார்க்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து, உருட்டிக்கொண்டே நடங்கள். ஓடும் காலைத்தான் அது துரத்துகிறது. நின்றால் என்ன செய்வதென்று அதற்கே தெரியாது. கடித்துவிட்டால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விட வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்பது இதில் கிடையாது.

திருக்காட்டுப்பள்ளி தாண்டினால் ரோட்டிலேயே நெல் காயும். டயர் ஏறினால் மணி நசுங்கும், உங்களுக்கும் வழுக்கும். இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போங்கள்.

கல்லணையில் அவசரப்படாதீர்கள். கரிகாலன் பெயரால் வழங்கும் பழைய அணை. இன்று அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நாலாகப் பிரிகிறது. உங்கள் பாதையும் பிரிவது இங்கேதான். காவிரியின் கரையைத்தான் பிடித்திருக்கிறோமா என்று ஒருமுறை நின்று கேளுங்கள். வெண்ணாற்றைக் காவிரி என்று நம்பிப் போன ஒருவர் தஞ்சாவூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்து, பெரிய கோயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். நஷ்டமில்லை, ஆனால் ஒரு நாள் போயிற்று.

## 11. ரயிலில் சைக்கிள்

போவதற்குச் சேலம் ஜங்ஷன். அங்கிருந்து மேட்டூர் ஐம்பது கிலோமீட்டர் அளவில், மிதித்தே போகலாம். வருவதற்கு மயிலாடுதுறை ஜங்ஷன். சைக்கிளை லக்கேஜாகப் பார்சல் ஆபீசில் பதிய வேண்டும், அது பிரேக் வேனில் வரும். டிக்கெட்டும் அடையாள அட்டையும் நகலோடு வேண்டும். ரயிலுக்கு இரண்டு மணி நேரம் முன்பே போங்கள். இரண்டு நிமிடம் நிற்கும் சின்ன ஸ்டேஷனில் ஏற்ற மாட்டார்கள். பைகள், விளக்கு, பம்ப், பாட்டில் எல்லாவற்றையும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பின் கியரின்மேல் அட்டை சுற்றிக் கட்டுங்கள். பெயர், போன் நம்பர், இறங்கும் ஸ்டேஷன் எழுதிய அட்டை சட்டகத்தில் இரண்டு இடத்தில் தொங்க வேண்டும்.

எட்டாம் நாள் காலை, பூம்புகாருக்குச் சற்று முன்னால் மேலையூரில் கடைமடைக் கதவணை வரும். மேட்டூரில் மதகுக்குள்ளிருந்து சீறிக்கொண்டு வந்த ஆறு இங்கே ஒரு வாய்க்கால் அளவுக்கு ஒடுங்கி, பாதி ஆகாயத்தாமரையோடு நிற்கும். பலர் இதைக் கவனிக்காமலே கடலைப் பார்க்க ஓடிவிடுவார்கள். பூம்புகாரில் கடலில் இறங்கிக் குளிக்க வேண்டாம், அலையும் இழுப்பும் அதிகம். சைக்கிளையும் மணலில் இறக்காதீர்கள். உப்பு மணல் ஒருமுறை செயினில் ஏறிவிட்டால் வீடு வரைக்கும் கரகரக்கும். மேலேயே சாத்திப் பூட்டிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து போங்கள். மயிலாடுதுறைக்கு இன்னும் 25 கிலோமீட்டர் இருக்கிறது, பார்சல் ஆபீஸ் மூடுவதற்குள் போக வேண்டும்.